வெடிக்க வேண்டிய பூச்சு

எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி ஏறினால் வழுக்கி விழும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். என் வீட்டுக்காரர் கொத்தனார். அரூரில் இந்த வீட்டைக் கட்டியபோது உள்பூச்சு முழுவதையும் வேறு ஆளைத் தொடவிடாமல் அவரே பூசினார். பூசி முடித்ததும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அரிசி மணி அளவுக்கு ஒரு நிழல் தெரிந்தாலும் விடமாட்டார், ஈரத்தைத் தொட்டு மறுபடியும் தேய்ப்பார். சுவரைப் பார்த்தால் சுவர்தான் தெரிய வேண்டும், பூசிய ஆள் ஞாபகத்துக்கு வரக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

இப்படிப்பட்ட மனிதரைக் கட்டிக்கொண்ட எனக்குப் போய்ச் சொரசொரப்பின்மேல் பைத்தியம் பிடித்தது.

தாலுகா ஆபீஸுக்கு எதிரில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் மனு அடித்துக்கொடுக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, பாதைத் தகராறு, எதுவாக இருந்தாலும் ‘பணிவுடன் சமர்ப்பிக்கும்’ என்றுதான் ஆரம்பிப்பேன். வீட்டில் நான் பணிவுடன் எதையும் சமர்ப்பித்ததில்லை, அது வேறு விஷயம். கடையில் நோட்டு, பேனாவோடு கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்டுக்காக அக்ரிலிக் வண்ணக் குழாய்களும் வாங்கி வைத்திருந்தோம். மூடி இறுகிப்போய் விற்காமல் கிடந்த பத்துப் பன்னிரண்டு குழாய்களை ஒருநாள் ஒதுக்கிப் போட்டார்கள். குப்பைக்குப் போகிறதை நான் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். அங்கே ஆரம்பித்தது.

முதலில் பூ வரைந்தேன், மயில் வரைந்தேன். எல்லாம் காலண்டர் அட்டை மாதிரி தட்டையாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறுகிய குழாய் ஒன்றை மிதித்துப் பிதுக்கியதில் வாய் கிழிந்து சாம்பல் நிற வண்ணம் கட்டியாக அட்டையில் விழுந்தது. வீணாகிறதே என்று பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்தேன். வழித்த இடத்தில் ஒரு பாறை நின்றது. தீர்த்தமலைக்குப் போகிற வழியில் சாலையோரம் ஏறி இறங்கிக் கிடக்குமே, அந்தப் பாறையேதான். கார்டின் விளிம்பு இழுத்த கோடுகள் பாறையின் மடிப்புகளாகிவிட்டன, விரலால் தொட்டால் விளிம்பு உறுத்தியது. நான் வரையவில்லை, ஆனால் அது பாறை. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துப்போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சாமானும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பல் உடைந்த சீப்பால் ஈரமான வண்ணத்தில் இழுத்தால் உழுத நிலம் வரும். உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூட்டைத் தொட்டு ஒற்றினால் முட்புதர். கயிற்றை அழுத்தி எடுத்தால் பனைமரத்தின் உடம்பு. காய்ந்த மேட்டின்மேல் ஈரம் துடைத்த தூரிகையை லேசாகத் தடவினால், மேடு மட்டும் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும், பள்ளம் இருட்டாகவே நிற்கும். தட்டையான பலகையில் வெயிலும் நிழலும் வந்துவிடும். இதை முதல் தடவை செய்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தேழு வயதில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து சிரித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

பைத்தியம் முற்றிப்போய்ச் செய்த காரியங்களும் உண்டு. மண்ணின் குருணை சரியாக வர வேண்டும் என்று ஒரு படத்தில் கேழ்வரகைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் செம்மண் நிறம் பூசினேன். பார்க்க அசல் மானாவாரி நிலம். காயட்டும் என்று வாசலில் சாய்த்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கோழிக்கும் அது அசல் நிலமாகவே தெரிந்திருக்கிறது. நான் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் பாதி நிலத்தைக் கொத்தித் தின்றுவிட்டது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு மூன்று வீட்டுக்குக் கேட்டது.

மேடு எழுப்புவதற்கென்றே கடையில் டப்பாவில் ஒரு பசை விற்கிறார்கள். அது நமக்குக் கட்டுப்படியாகாது. நான் அவருடைய மிச்ச மூட்டையிலிருந்து சுவருக்குப் பட்டி பார்க்கிற மாவை எடுத்து, மரவேலைக்கான வெள்ளைப் பசையும் வெள்ளை அக்ரிலிக்கும் கலந்து குழைத்துக்கொள்வேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கலவை தளர்ந்திருக்கிறது, கட்டியாக இருக்கிறது என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். நான் இட்ட மேடுகளைப் பார்த்தால் அவர் விரல் துறுதுறுக்கும். தேய்த்து மட்டம் பண்ணிவிட மாட்டாரா என்று எனக்கே பயமாக இருக்கும். “இத ஏன் இப்பிடி அரைகுறையா வுட்டுட்ட?” என்று ஒருமுறை உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

அந்தக் கேலியும் துறுதுறுப்பும் போன வருடம் நின்றுபோயின.

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வெளிப்பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. சாரத்தில் கட்டியிருந்த கழி ஒன்று உருவிக்கொண்டதில் கீழே விழுந்தார். உயரம் அதிகமில்லை, ஆனால் வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னார். கூடிய எலும்புக்கு மேல் இருந்த கைதான் கேட்கவில்லை. எதையாவது பிடித்தால் ஆடியது. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அழுத்துங்கள், வேலையைக் கொடுக்கக் கொடுக்கத்தான் கை வழிக்கு வரும் என்றார். நாலு நாள் அழுத்தினார். ஐந்தாம் நாள் பந்து அலமாரிக்கு அடியில் உருண்டது, அங்கேயே கிடந்தது.

பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. வலது கையின்மேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். டீக்கடைக்குப் போனாலும் துண்டுக்குள் கை. சாப்பிடும்போது சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்தியது. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் தானே போய் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டார். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கல்யாணம் காட்சிக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் என்ன தொழில் என்று கேட்டபோது, “கொத்தனாரா இருந்தன்” என்றார். ரேஷன் கடையில் புதிதாக வந்த ஆள் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அந்த ‘இருந்தன்’ காதில் விழும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொள்வேன். பூச்சுக் கரண்டி, தேய்த்து மட்டம் பண்ணுகிற மணியாஸ் கட்டை, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்றால், திட்டினேன். பந்தை எடுத்தீர்களா, கையை அசைத்தீர்களா என்று தினமும் கேட்டேன். ஒரு கட்டத்தில் கேட்பதையும் நிறுத்திவிட்டு என் பலகைகளோடு இருந்துகொண்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் உண்டு.

எட்டு மாதம் இப்படிப் போனது. அப்போதுதான் மனு வேலையாகக் கடைக்கு வந்துபோகிற வக்கீல் ஒருவர், என் போனில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய புது ஆபீஸுக்கு ஒன்று வேண்டும் என்றார். அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறப்பு. நாலடி அகலம், இரண்டரை அடி உயரம். உள்ளே என்ன படம் இருந்தாலும் சரி, அளவு மட்டும் ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது என்று நேரில் ஒரு தடவையும் போனில் ஒரு தடவையும் சொன்னார். படம் கேட்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் இதற்கு முன் யாருக்கும் வரைந்து கொடுத்ததில்லை.

என்ன வரைவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் பிறந்த ஊர் இண்டூர்ப் பக்கம். அந்தப் பக்கத்து ஏரி ஒன்று கோடையில் வற்றினால், அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பாளத்தின் ஓரங்கள் வெயிலில் சுருண்டு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதை வரையக் கூடாது, பலகையின்மேலேயே நடக்கவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பட்டி மாவில் பசையைக் குறைத்துத் தடிப்பாகப் பூசிக் காயவிட்டால் தானாக வெடிக்கும். வெடித்த இடுக்குகளில் கரும்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிட்டு, பாளங்களின்மேல் வெளிர்மண் நிறத்தை உலர்ந்த தூரிகையால் தடவினால் ஏரி வந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் ஒட்டுப்பலகையில் பூசி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். செவ்வாய் சாயங்காலம் பார்த்தால் தலைமுடி போலக் கீறல்கள் கிளம்பியிருந்தன. இன்னும் ஒருநாள் விட்டால் அகலமாகத் திறந்துவிடும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் நாங்கள் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

புதன்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போனேன். பலகையில் ஒரு கீறல் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஈரமாக, மொழுமொழுவென்று, எங்கள் வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், மணியாஸ் கட்டை, கரண்டி. அவர் கொட்டகை ஓரத்தில் குந்தியிருந்தார். முகத்தில் ஏதோ எதிர்பார்ப்பு இருந்தது. அது என்ன என்று பார்க்கிற நிதானம் எனக்கு அப்போது இல்லை.

“வெடிச்சிருந்துச்சு,” என்றார். “காலையிலிருந்து தண்ணி காட்டி, தேச்சு வுட்டுட்டன்.”

கொத்தனாருக்குப் பூச்சு வெடிப்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வெடித்தால் தண்ணீர் காட்ட வேண்டும், ஈரம் ஊறியதும் தேய்க்க வேண்டும். அதைத்தான் செய்திருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, யாரைக் கேட்டு இதில் கை வைத்தீர்கள் என்று ஆரம்பித்து, கடைசியில் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

“எட்டு மாசமா ஒரு டம்ளரத் தூக்காத கை, என் படத்தக் கெடுக்கறதுக்குத்தான் தூக்கணுமா?”

அவர் எழுந்து போய்க் கரண்டியையும் கட்டையையும் தண்ணீரில் அலசினார். ஒட்டியிருந்த மாவைக் கட்டை விரலால் சுத்தமாகத் தேய்த்து எடுத்தார். எந்தக் கோபத்திலும் சாமானைக் கழுவாமல் வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சாக்கில் சுற்றி, இடது கையால் பரண்மேல் தள்ளினார். பிறகு துண்டை எடுத்து வலது கையின்மேல் போட்டுக்கொண்டு வெளியே போனார். என் வாயால் சொன்னதை என் காது கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கும்.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. சோற்றைப் போட்டு வைப்பேன், ஸ்பூன் சத்தம் கேட்கும், தட்டு கழுவி வைக்கப்பட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்று தகட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கிழக்கு வெயில் அப்போதுதான் கொட்டகைக்குள் தாழ்வாக நுழைந்திருந்தது. பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். சாய்த்ததும் நின்றுவிட்டேன்.

மொழுமொழுவென்று தெரிந்த பரப்பு முழுவதும் அலை அலையாக நிழல். கட்டை ஒவ்வொரு முறை போய்த் திரும்பிய இடமும் வில் மாதிரி வளைந்து தெரிந்தது. இடது ஓரத்தில் ஒவ்வொரு வில்லும் நடுங்கியிருந்தது, பல்லுப் பல்லாக. அந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும், எட்டு மாதமாகச் சோற்றுத் தட்டில் பார்க்கிறேன். கொஞ்சம் தள்ளி வந்தால் பல் சிறுத்திருந்தது. நடுப்பலகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. அவர் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் பூசுவார். வலது ஓரத்தில், கடைசி ஒரு சாண் அகலத்தில், நிழலே இல்லை. முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன். இல்லை.

அந்தப் பலகை ஒருநாள் முழுக்க ஒரு கை பாடுபட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் நடுங்கிய கை சாயங்காலம் நடுங்காமல் நின்றிருக்கிறது. பந்தை அழுத்தாத கை, நான் எத்தனை கேட்டும் அசையாத கை, தானாகப் பரணில் ஏறிக் கட்டையை இறக்கியிருக்கிறது. அதை நான் திட்டி மறுபடியும் பரணுக்கு அனுப்பிவிட்டேன். தகட்டைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் டீக்கடைக்குப் போனவர் சாயங்காலம்தான் வந்தார். நான் பலகையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து, ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சோடு காத்திருந்தேன். அவர் பலகையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இடது ஓரத்தில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தேன்.

“ஆடியிருக்கு,” என்றார். “அதான் தெரியுதே. இன்னும் என்னாத்துக்கு அதக் காட்டற?”

டார்ச்சை மெல்ல வலது பக்கம் நகர்த்தினேன். அவர் கண்ணும் கூடவே வந்தது. கடைசி ஓரத்துக்கு வந்ததும் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். கீழிருந்து அடித்தார், மேலிருந்து அடித்தார், பலகையோடு கன்னத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். வேலை நடக்கிற வீடுகளில் அவர் பார்ப்பது போலவே பார்த்தார். துண்டு எப்போது கீழே விழுந்தது என்று அவருக்கும் தெரியாது.

“இது கடைசியா தேச்சது,” என்றார்.

“ஆமாங்க.”

அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நான் அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு என்று சொன்னேன். அவர் டார்ச்சை அணைத்தார்.

“நீ பேசனது சரிதான். அடுத்த ஆளு பூச்சுல கை வெக்கக் கூடாது. வெடிச்சிருந்துச்சா, நீ வந்து பாத்தா மனசு ஒடஞ்சி போவியேன்னுதான் செஞ்சன்.”

முப்பது வருடத்தில் அவர் என்னை அடுத்த ஆள் என்று, இன்னொரு பூச்சுக்காரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இதற்குமேல் மறைத்துப் பயனில்லை என்று, அது வெடிப்பதற்காகவே பூசியது, வெடிப்புத்தான் படமே என்று சொன்னேன். போனில் வற்றிய ஏரியின் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

“வெடிக்கணுமா?” என்றார். “அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?”

மறுநாள் நான் லீவு போட்டு, அதே அளவில் இன்னொரு ஒட்டுப்பலகை வாங்கிவந்தேன். அவர் பரணிலிருந்து சாக்கை இறக்கினார். நான் மாவைக் கரைக்கப் போனபோது தள்ளிப்போகச் சொன்னார். வெடிக்காமல் பூசத் தெரிந்தவனுக்கு வெடிக்கிற மாதிரி பூசத் தெரியாதா என்பது அவர் வாதம். முப்பது வருடமாகச் சித்தாள்களிடம் எதையெல்லாம் செய்யாதே என்று கத்தினாரோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தார். மாவைச் சன்னமாகச் சலித்துக்கொண்டார். தண்ணீரைத் தாராளமாக விட்டார். ஒரே தடவையில் தடிப்பாக அப்பினார். உச்சி வெயிலில், காற்று அடிக்கிற பக்கமாக வைத்தார். தண்ணீர் காட்டவே இல்லை. திருட்டு மாங்காய் பறிக்கிற பையனின் முகம் அவருக்கு அன்றைக்கு இருந்தது.

எனக்குத் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது. தடிப்பாகப் பூசிய இடத்தில் பாளம் பெரிதாக வெடிக்கும், மெல்லியதாகப் பூசினால் சின்னச் சின்னதாக வெடிக்கும் என்றார். ஏரியில் நாம் நிற்கிற பக்கம் பாளம் பெரிதாகத் தெரியும், தூரக்கரை போகப் போகச் சிறுத்துத் தெரியும் அல்லவா? கீழே தடிப்பாகவும் மேலே போகப் போக மெல்லியதாகவும் இழுத்தார். கை ஆடியது. ஆடினால் கொஞ்சம் நிறுத்துவார், மறுபடி இழுப்பார். அவ்வப்போது இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நான் உதவிக்குப் போகவில்லை. போகக் கூடாது என்கிற அறிவு அதற்குள் எனக்கு வந்திருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பலகையில் ஏரி வற்றிக் கிடந்தது. விரல் நுழைகிற வெடிப்புகள் அடியில், நூல் போன்றவை மேலே. ஓரங்கள் சுருண்டு தூக்கிக்கொண்டு நின்றன. நான் கைதட்டினேன். அவருக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

“நான் பூசனதுன்னு யாருகிட்டயும் சொல்லாத,” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பாளங்கள் உதிராமல் இருக்கப் பசையைத் தண்ணீராகக் கரைத்து மேலே தெளித்துக் காயவிட்டேன். புதன் ராத்திரியும் வியாழனும் உட்கார்ந்து வண்ணத்தை முடித்தேன். பழைய பலகையைச் சுரண்டவில்லை. அதன்மேல் சாம்பல் கலந்த நீலத்தை மெல்லிசாக, அலை மறையாதபடி ஓடவிட்டேன். இடது பக்கம் காற்றடிக்கிற தண்ணீராகவும் வலது ஓரம் அசையாத தண்ணீராகவும் ஆகிவிட்டது. அதை அடுப்படியில் மாட்டியிருக்கிறேன். அலையெல்லாம் தன் கை ஆடியதுதானே என்று அவர் கேட்டார். ஆமாம், அதனால்தான் மாட்டினேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு ஆட்டோ பிடித்து, பலகையை இருவரும் மடியில் தாங்கிக்கொண்டு வக்கீல் ஆபீஸுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். கனமாக இருக்கிறது, தனியாகத் தூக்க முடியாது என்று சொல்லிக் கூட்டிவந்தேன். வருகிற வழியில் துண்டு பழையபடி கையின்மேல் ஏறிவிட்டது.

வாடகைக்கு எடுத்த பழைய அறை, புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். எந்தச் சுவர் என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் கையைக் காட்டினார் வக்கீல். அந்தச் சுவரில் மூலையிலிருந்து கிளம்பி நடுவரைக்கும் ஒரு விரிசல் போயிருந்தது. நாலடி அகலம், இரண்டரை அடி உயரம் கொண்ட இடத்துக்குள் அது கச்சிதமாக அடங்கும் போலிருந்தது. ஓர் அங்குலம்கூட ஏன் குறையக் கூடாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெடித்த சுவரை மறைக்க வெடித்த ஏரியைக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆபீஸ் பையன் ஆணி அடித்தான். படத்தை மாட்டினோம். வக்கீல் கிட்ட வந்து ஒரு பாளத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், அசல் ஏரிதான் என்றார், இப்படி வெடிக்கவைக்க எப்படி முடிந்தது என்று கேட்டார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாக்குக் கொடுத்தது ஞாபகம் வந்து, அது பெரிய கதை சார் என்று நிறுத்திக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் படத்தைப் பார்க்கவே இல்லை. பலகைக்கு மேலே, விரிசலின் நுனி அரை அங்குலம் தப்பித்து வெளியே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையைச் சுற்றிப் போனார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கை விரல் மொட்டியால் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். ஒரு சாண் தள்ளி மறுபடியும் தட்டினார்.

“உள்ள காத்து நிக்குதுங்க,” என்றார். “பூச்சு சொவத்த வுட்டு எழும்பி நிக்குது. படம் வெச்சு மறச்சா நிக்காது. எறக்குங்க. திங்கக்கிழம வந்து கொத்திட்டுப் பூசித் தர்றன். அப்பறம் மாட்டுங்க.”

வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை. படம் வரைந்தவளின் புருஷன், துணைக்கு வந்தவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார், மணிக்கட்டில் இருந்த தையல் தழும்பையும் பார்த்தார்.

“நீங்க கொத்தனாருங்களா?” என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வார் என்பது எட்டு மாதமாக எனக்கு மனப்பாடம்.

“ஆமாங்க,” என்றார். “கொத்தனாருதான்.”

கையைச் சுவரிலிருந்து அவர் எடுக்கவில்லை.